தார் வெட்டிய நாள்

எங்கள் கொல்லையில் தார் வெட்டப்போகிறார்கள் என்பது காலையில் மோர் கடையும்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு இரண்டு செம்பு மோர் கூடுதலாக வேண்டும் என்பாள் அப்பாயி. வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கிய கையோடு மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். திருவையாற்றுக்குப் பக்கத்தில், காவிரிக் காற்று வந்து படுகிற தூரத்தில் இருந்த கிராமம். காலம் 1970களின் தொடக்கம். கிணற்றடித் தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில் மொந்தன் ஒரு குத்து, பூவன் இரண்டு குத்து. சற்றுத் தள்ளி ஒரு முருங்கை. வேலியில் பிரண்டையும் கோவையும். மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் பரங்கிக்கொடி. வீட்டுக்கு வேண்டிய கறிகாயில் பெரும்பகுதி இந்தச் சிறிய இடத்திலிருந்துதான் வந்தது.

தார் வெட்டுவது என்றால் ஒரு மரம் முழுவதையும் பிரித்து வீட்டுக்குள் கொண்டுவருவது என்று பொருள். பூவை முன்பே, கடைசிச் சீப்பு விரிந்து முடிந்ததும் ஒடித்திருப்பார்கள். அது அந்த வாரமே வடையாகவோ பொரியலாகவோ ஆகியிருக்கும். தார் இறங்கியதும் அப்பா மரத்தைச் சாய்ப்பார். மட்டைகளை ஒவ்வொன்றாக உரிக்க உரிக்க, உள்ளே வெள்ளையாக, தொட்டால் குளிர்கிற தண்டு வெளிப்படும். உரித்த மட்டையைக் கிழித்து நிழலில் காயப்போட்டால் பூக்கட்டுகிற நார். நல்ல இலைகள் அன்றைய சாப்பாட்டுக்கு, கிழிசல் மாட்டுக்கு, முன்பே காய்ந்து தொங்கிய சருகு பொட்டலம் மடிக்க. மொந்தன் தார் என்றால் காயெல்லாம் கறிக்கு. தோலும் வீணாகாது, பொடியாக நறுக்கி வதக்கித் துவையல் அரைப்பார்கள். பூவன் என்றால் சீப்புகள் குதிருக்குள் நெல்லில் புதைந்து, நாலைந்து நாளில் அறை முழுவதும் மணக்கும். மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இடுப்புயரம் வளர்ந்த பக்கக்கன்று ஒன்று எப்போதும் தயாராக நிற்கும்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் அப்பாயி உரித்தது என்ன என்பது எனக்கு விளங்கியது. வாழைமரம் என்று நாம் சொல்லும் அந்தப் பச்சை உருளை, ஒன்றையொன்று சுற்றிய இலைகளின் அடிப்பகுதி. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலம் வந்ததும் அந்தக் கிழங்கின் நுனி வளர்ந்து, மட்டைகளின் நடுவே மேலேறி, உச்சியில் வெளிப்பட்டு, வளைந்து தொங்குகிறது. நாம் சமைக்கும் வாழைத்தண்டு அதில் மட்டைக்குள் மறைந்த பகுதி. தார் தொங்குவது வெளியே வந்த பகுதியில். வாழைப்பூ அதன் நுனி. மூன்று கறிகளும் ஒரே காம்பின் அடியும் நடுவும் நுனியும். அப்பாயி இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. ஆனால் பூத் தள்ளாத மரத்தை வெட்டினால் உள்ளே தண்டு கிடைக்காது, சுருண்ட குருத்துதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். புயலில் சாய்ந்த இளமரத்தை உரிக்கப் போன எங்களை அவள் தடுத்தது அதனால்தான்.

இன்று சென்னையில் என் வீட்டுக் குளிர்பெட்டியின் காய்த்தட்டைத் திறந்து பார்க்கிறேன். ஊட்டி கேரட் இருக்கிறது: வேர். உருளைக்கிழங்கு: மண்ணுக்குள் பருத்த தண்டு. பெரிய வெங்காயம்: சதைப்பற்று ஏறிய இலையடிகள். முட்டைக்கோஸ்: விரியாத மொட்டு. காலிஃபிளவர்: பூக்காத பூங்கொத்து. நூக்கல்: உருண்டு திரண்ட தண்டு. பீன்ஸ், வெண்டை, கத்திரி, தக்காளி, குடைமிளகாய்: காய்கள். எண்ணிப் பார்த்தால் பதினொரு செடிகள். எந்தச் செடியிலிருந்தும் ஓர் உறுப்புக்கு மேல் வரவில்லை. கொல்லையில் ஐந்தாறு செடிகள் இருபது விதமாக அடுக்களைக்கு வந்தன. இங்கே பதினொரு செடிகள் பதினொரு விதமாக வந்திருக்கின்றன. உண்ணும் செடிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஒவ்வொரு செடியோடும் நமக்கிருந்த பழக்கம் குறைந்திருக்கிறது. அரை நூற்றாண்டில் நம் காய்கறியில் நேர்ந்த மாற்றத்தில் என் மனம் தங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

முருங்கையும் இதே வழியில் போனது. எங்கள் கொல்லையில் நின்றது யாழ்ப்பாண முருங்கை. தாத்தா எங்கிருந்தோ போத்து வாங்கிவந்து நட்டது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். ஆண்டுக்கொரு முறை கிளைகளைத் தறித்துவிட்டால் புதுக் கொழுந்து அடர்ந்து வரும். கீரை எந்த மாதமும் உண்டு. பூ வரும் நாட்களில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவைப்போம். விடிந்ததும் உதிர்ந்த பூவைக் கூட்டி எடுத்து, பருப்புப் போட்டுப் பொரியல். பிறகு விரல் நீளப் பிஞ்சு. பிறகு காய். முற்றிய காயானால் சதையை வழித்துக் கூட்டு. ஒரு மரம் எங்கள் வீட்டுக்கு மிஞ்சித் தெருவுக்கும் போதுமாக இருந்தது. முருங்கைக்கீரையை விலைக்கு வாங்கிய ஒருவரை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை. கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் வேலிக்கு மேலே நீட்டுவார்கள்.

1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கையை வெளியிட்டது. போத்து வேண்டாம், விதை போதும். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்தில் காய். ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் கொடுக்கும்; காயின் நீளம் 65 முதல் 70 சென்டிமீட்டர். திண்டுக்கல், தேனி, கரூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் அது பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கட்டுக்கட்டாக லாரி ஏறிய முருங்கைக்காய், முருங்கை மரத்தையே பார்த்திராத நகரத்துப் பிள்ளைகளின் சாம்பாருக்குள் ஆண்டு முழுவதும் விழுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் காய்க்காக வளர்க்கும் தோட்டத்தில் பூவைப் பறிக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? ஒவ்வொரு பூவும் வரவேண்டிய ஒரு காய். கீரைக்காக வளர்ப்பவர்கள் வேறு; அவர்கள் செடியை நெருக்கி நட்டு, பூக்க விடாமலே அறுத்து, நிழலில் உலர்த்திப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கென்று தமிழ்நாட்டில் முருங்கை ஏற்றுமதி மண்டலமே அறிவிக்கப்பட்டிருக்கிறது. காய்க்கு ஒரு தோட்டம், கீரைக்கு ஒரு தோட்டம். பூவுக்குத் தோட்டம் இல்லை. முருங்கைப்பூப் பொரியலை நான் கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

வாழையிலும் அப்படியே பிரிந்துவிட்டது. இலைக்கென்று பயிரிடும் வாழைத்தோப்புகள் இப்போது உண்டு. வாரந்தோறும் இலை அறுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே தார் ஒழுங்காகத் திரள்வதில்லை, அதை எதிர்பார்ப்பதும் இல்லை. பழத்துக்கென்று ஜி-9 என்ற வாழை ரகம் வந்துவிட்டது. ரஸ்தாளித் தார் 12 முதல் 15 கிலோ நிற்கும். ஜி-9 தார் 25 முதல் 30 கிலோ. ரஸ்தாளிக்கு 13 முதல் 15 மாதம் காத்திருக்க வேண்டும். இது ஓராண்டுக்குள் முடிந்துவிடும். திசு வளர்ப்புக் கூடத்தில் கண்ணாடிப் புட்டிக்குள் பெருக்கி, பிளாஸ்டிக் பையில் வரும் கன்று. எல்லாம் ஒரே உயரம், ஒரே நாளில் பூத் தள்ளுவது போல ஒரே சீர். ஓரிரு அறுவடை முடிந்ததும் எடுத்துவிட்டுப் புதுக் கன்று வாங்கி நடுகிறார்கள். வாழையடி வாழை என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்து பக்கக்கன்றைப் பார்த்துப் பிறந்தது. எங்கள் கொல்லையில் 1970இல் நின்ற மொந்தன், தாத்தா காலத்தில் நட்ட மரத்தின் கிழங்கிலிருந்தே கன்று கன்றாக வந்து நின்றது.

இவ்வளவையும் இழப்பு என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனமில்லை. வாழைப்பூவை ஆய்வதென்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். மடல் மடலாக விரித்தால் ஒவ்வொரு மடலுக்குள்ளும் இரண்டு வரிசைப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த நரம்பு ஒன்று. அதற்குக் கள்ளன் என்று பெயர். அடியில் கண்ணாடித்தாள் போல ஒரு செதில். இரண்டும் எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேகாது. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டுக்கு இரண்டு பூ ஆய, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் சாய்ந்துவிடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டாலும் கறை ஏறும். நாலு நாளைக்கு விரல் நுனிகள் கறுத்தே இருக்கும். தண்டும் அப்படித்தான். வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையில் இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். அப்பாயி விரலில் அந்த நார் ஒரு வெள்ளை மோதிரம் போல ஏறிக்கொண்டே போகும். அதைக் கழற்றி எங்களிடம் நீட்டுவாள்.

“தம்பி, கீழ போட்டுடாதடா. காயவச்சா வெளக்குத் திரிக்கு ஆகும்.”

அந்த வேலையை வீட்டு ஆண்கள் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நானும் செய்ததில்லை. உறுப்பு உறுப்பாக ஒரு செடியை உண்ட அந்தச் செழிப்பின் பின்னால் பெண்களின் பிற்பகல்கள் இருந்தன. சுண்டைக்காயைத் தட்டி மோரில் ஊறவைத்துக் காயப்போடுவது, பிரண்டைக் கணுவைக் கிள்ளிக் கையரிப்போடு அரைப்பது, பலாக்கொட்டையின் தோலைச் சுரண்டுவது, மாங்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்துக் குழம்பு வைப்பது, பீர்க்கந்தோலைத் துவையலாக்குவது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இன்று என் மகள் அலுவலகம் விட்டு இரவு எட்டு மணிக்கு வருகிறாள். கேரட்டைத் தோல் சீவி நறுக்க அவளுக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆசைப்பட்டால் வாழைப்பூவும் கிடைக்கத்தான் செய்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி மாலை வேளைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆய்ந்த வாழைப்பூ, அரிந்த தண்டு, உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய புடலங்காய் என்று சிறு சிறு பொட்டலமாக விற்கிறார்கள். வண்டி வருவதற்குள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் வேலைக்குப் போன பெண்கள். கறை ஏறிய விரல்கள் இடம் மாறியிருக்கின்றன. ஆனால் இந்த விரல்களுக்குக் கூலி உண்டு. திண்ணையில் உட்கார்ந்த என் அத்தைக்கு அது இல்லை.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கொல்லை எல்லாருக்கும் இருந்ததில்லை. எங்கள் வயலில் களையெடுக்க வந்த பெண்களுக்கு வீட்டைச் சுற்றி ஒரு முழ நிலம் இல்லை. அவர்களுக்குக் கீரை என்பது களைதான். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைத்த பண்ணைக்கீரை, ஆரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றைப் பிடுங்கும்போதே தனியாக மடியில் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்குக் கஞ்சிக்கு அதுதான் துணை. எந்தக் களை உணவு, எந்தக் களை மருந்து, எது மாட்டுக்கு என்பதில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சி எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அதே வரப்புகளில் இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த வரப்பில் பண்ணைக்கீரை வராது. வந்தாலும் பறிக்க அஞ்ச வேண்டும். ஆனால் அந்தத் தெருவுக்கும் இன்று காலையில் குட்டியானை வண்டி ஒலிபெருக்கியோடு வந்து நிற்கிறது. தக்காளி, கத்திரி, கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. விலை ஏறும் நாட்களில் எட்டாமல் போனாலும், பெரும்பாலான நாட்களில் வாங்க முடிகிறது. 1970இல் அந்தத் தெருவில் கேரட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

நாட்டுக் கணக்கும் அதைச் சொல்கிறது. 1991-92இல் இந்தியாவில் விளைந்த காய்கறி ஏறத்தாழ 5.85 கோடி டன். 2022-23இல் 21 கோடி டன்னைத் தாண்டியது. அதே காலத்தில் பழம் 2.86 கோடி டன்னிலிருந்து 11 கோடி டன் அளவுக்கு உயர்ந்தது. மக்கள்தொகை 84 கோடியிலிருந்து 140 கோடிக்கு மேல் போன பிறகும், ஆளுக்கு ஆண்டுக்கு 70 கிலோவாக இருந்த காய்கறி விளைச்சல் 150 கிலோவாகியிருக்கிறது. சென்னையில் பழைய கொத்தவால் சாவடியின் சந்துகளில் தலைச்சுமையாக மூட்டை இறங்கிக்கொண்டிருந்த வியாபாரம், 1996இல் கோயம்பேட்டின் 295 ஏக்கர் வளாகத்துக்கு மாறியது. இரவெல்லாம் லாரிகள்.

அந்த வளாகத்தில் விடியற்காலையில் நடந்து பார்த்தால் உறுப்புகள் எங்கே கழன்று விழுகின்றன என்பது தெரியும். காலிஃபிளவரைச் சுற்றிய இலைகள், முள்ளங்கியின் கீரை, பீட்ரூட்டின் செந்நிறத் தண்டு, நூக்கலின் இலை எல்லாம் கால்மாட்டில் கிடக்கும். இவற்றில் உண்ணத் தகாதது எதுவுமில்லை. முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம். சந்தையில் கொஞ்சம் மாட்டுக்குப் போகிறது, மீதி குப்பைக்கு. அந்தக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலையே அமைக்க வேண்டியிருந்தது. ஊட்டியிலிருந்து கேரட் தலை அறுபட்டுக் கழுவி வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் கேரட்டின் இலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கேரட்டையும் கோஸையும் நாங்கள் இங்கிலீஷ் காய் என்று சொன்னோம். 1819இல் நீலகிரி ஏறிய ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்ததிலிருந்து தொடங்குகிறது தமிழ்நாட்டு மலைக்காய்களின் வரலாறு. தஞ்சை அக்கிரகாரங்களில் திவசச் சமையலுக்குள் இன்றைக்கும் இவை நுழைவதில்லை. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, அவரை, பாகல், பிரண்டை போன்ற நாட்டுக்காய்கள்தான், காரத்துக்கு மிளகு. கப்பலேறி வந்த மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்நாட்டு அடுப்பில் என்ன வெந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்த இலையைத்தான் பார்க்க வேண்டும். அன்றாடச் சாப்பாட்டில் மாறிவிட்டதை, இறந்தவர்களுக்காக மாறாமல் வைத்திருக்கிறார்கள்.

செடியோடு பழக்கம் இருந்தபோது சொல்லும் இருந்தது. பொதுவாகப் பிஞ்சு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை தமிழ். மாம்பிஞ்சுக்கு வடு, பலாப்பிஞ்சுக்கு மூசு, தென்னை பனைகளின் பிஞ்சுக்குக் குரும்பை, வாழைப்பிஞ்சுக்குக் கச்சல் என்று தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டியிருக்கிறார். வடு இன்னும் ஊறுகாய்ச் சாடியில் உயிரோடு இருக்கிறது. கச்சலும் மூசும் அகராதிக்குள் போய்விட்டன. ஒரே கீரை விதை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கப்பட்டால் முளைக்கீரை, இன்னும் சில வாரம் நிற்கவிட்டால் தண்டுக்கீரை. எங்கள் ஊர்க் கீரைக்காரம்மா ஒரே பாத்தியிலிருந்து இரண்டையும் கொண்டுவருவார். கறி என்ற சொல்லே என்ன பாடுபட்டிருக்கிறது. சங்க காலத்தில் அது மிளகு. என் அப்பாயி வாயில் அது காய். கறிகாய் வாங்கிவரச் சொல்வாள். இப்போது கடைத்தெருவில் கறி என்றால் இறைச்சி மட்டும்தான்.

போன உறுப்புகள் சில வேறு வேடத்தில் திரும்பி வருவதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிப் பூங்காவுக்கு வெளியே, விடியற்காலையில் நடக்க வருகிறவர்களுக்காக வாழைத்தண்டுச் சாறு விற்கிறார்கள். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தண்டிலிருந்தும் பூவிலிருந்தும் சாறு, ஊறுகாய், பொடி என்று செய்து காட்டிக்கொண்டிருக்கிறது. முருங்கைக்கீரைப் பொடி அழகான டப்பாவில் வருகிறது. பூசைச் சாமான் கடையில் வாழைத்தண்டுத் திரி பொட்டலமாகத் தொங்குகிறது. அப்பாயி பத்திரப்படுத்திய அந்த நார்தான். சாற்றைக் குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மருந்து குடிக்கிற முகம். தேங்காய்ப்பூ தூவிய தண்டுப் பொரியலுக்கு இரண்டாம் முறை தட்டு நீட்டிய முகம் வேறு. உணவாக இருந்தது மருந்தாகத் திரும்புவதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. இந்த அளவுக்காவது திரும்புகிறதே என்ற ஆறுதல் உண்டு.

போன தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் வீடு. கிணறு மூடியாகிவிட்டது, ஆழ்துளைக் குழாய் போட்டிருக்கிறார்கள். முருங்கை நின்ற இடத்தில் கார் நிற்கிறது. மாட்டுக்கொட்டகை இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் போய் விழும் மூலையில் மட்டும் மொந்தன் ஒரு குத்து மிஞ்சியிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் மகன் தாரை வெட்டினான். சீப்புகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, சாய்ந்து கிடந்த மரத்தைத் துண்டு போட்டு வெளியே தள்ளப் போனான்.

“தண்டை எடுக்கலையாப்பா?” என்று கேட்டேன்.

“யாரு சித்தப்பா அதெல்லாம் சாப்பிடுறா? மாட்டுக்குப் போடலாம்னா மாடும் இல்ல.”

அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். “எனக்கு முட்டி வலி, உட்கார்ந்து ஆய முடியல. வேணும்னா எடுத்துட்டுப் போங்க தம்பி. மட்டையோட எடுத்தா வாடாது” என்றார்.

வெளிமட்டைகளை நானே உரித்தேன். கை மறந்திருந்தது, இரண்டு இடத்தில் தண்டிலேயே வெட்டு விழுந்தது. உள்ளே அதே குளிர்ச்சி. இரண்டு மட்டையை மட்டும் விட்டுவைத்து, அந்த மட்டையிலேயே நார் கிழித்துக் கட்டி, இரவுப் பேருந்தில் காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மோரைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அரிவாள்மணை எங்கே என்று கேட்டேன். அது வீட்டில் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்றாள் மனைவி. கத்தியால் வட்டமாக அரிந்தேன். முதல் வட்டத்திலேயே நார் இழுபட்டது. ஆள்காட்டி விரலில் சுற்றினேன். மகள் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதெல்லாம் சாப்பிடக் கூடாதா என்று நாரைக் காட்டிக் கேட்டாள். கூடாது, திரிக்கு ஆகும் என்றேன். நாலு வட்டத்துக்குள் விரலில் மோதிரம் போல ஏறிவிட்டது. கழற்றி எடுத்து, பால்கனிக் கம்பியில் காயப்போட்டேன்.